14 வருடம் கழித்து மறுபடியும் இரு சக்கரம்: மலை ஏற சொகுசான பெரிய ஸ்கூட்டர் எது?

கன்னங்குறிச்சிக்காரன்

வணக்கம். கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வயது 58. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், எடை 74 கிலோ. காலேஜ் முடித்ததிலிருந்து 2011 வரை கியர் வண்டிதான். அப்புறம் வெளியூர் மாற்றல், கார், இடுப்பு வலி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து வண்டி கைவிட்டுப் போனது. பணி ஓய்வு பெற்று இந்த ஏப்ரலில் சேலத்துக்கே திரும்பிவிட்டோம். மாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெரிகிறது. இருட்டியபிறகு மலைப்பாதையில் விளக்குகள் வளைந்து வளைந்து ஏறுவதைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா?

கியர், கிளட்ச் இனி வேண்டாம். இடது முழங்கால் ஒத்துழைக்காது. பெரிய ஸ்கூட்டர்தான் என்று முடிவு. ஏற்காடு, மேட்டூர், பூலாம்பட்டி, ஒகேனக்கல், உடம்பு பழகினால் கொல்லிமலை. ஒரு நாளில் 150, 200 கிலோமீட்டர். பின்னால் வீட்டம்மா. அவருக்கும் முழங்கால் வலி உண்டு. பையன் பெங்களூரிலிருந்து போன் போட்டு "எடுக்கிறதுதான் எடுக்கிறீங்க, பெருசா எடுங்கப்பா" என்கிறான். எது நல்லது?

நீள்சாலை

அண்ணா, சரியான கேள்வி. மேக்ஸி ஸ்கூட்டர், அதாவது உடம்பு பெருத்த ஸ்கூட்டர் என்று நம் நாட்டில் கிடைப்பவை கைவிரல் எண்ணிக்கைதான். சுருக்கமாகச் சொல்கிறேன்.

சுசுகி பர்க்மேன் ஸ்ட்ரீட் 2018இல் வந்தது, 125 சிசி, எடை 110 கிலோ பக்கம். முதலில் பின்சக்கரம் 10 அங்குலம். 2022 கடைசியில் வந்த ஈஎக்ஸ் வகையில் 12 அங்குலம் ஆக்கினார்கள். யமஹா ஏராக்ஸ் 155, 2021இல் வந்தது. தண்ணீரில் குளிரும் எஞ்சின், 15 குதிரைத்திறன், 14 அங்குலச் சக்கரங்கள். ஹீரோ ஜூம் 160, 2025 ஜனவரியில் வந்தது. அதுவும் தண்ணீர்க் குளிர்ச்சி, 14 அங்குலம், 7 லிட்டர் டேங்க், எடை 142 கிலோ. பணம் பிரச்சினையே இல்லை என்றால் பிஎம்டபிள்யூ சி 400 ஜிடி. 350 சிசி, 214 கிலோ. 2021இல் வந்தபோதே 9.95 லட்சம், அதுவும் ஷோரூம் விலை.

என் ஓட்டு ஜூம் 160க்கு. நெடுஞ்சாலையில் லாரியை முந்த வேண்டாமா? 125 சிசியில் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு தொப்பூர் கணவாய் ஏறிப் பாருங்கள், புரியும்.

ஏற்காடு எஸ்டேட்

தொப்பூரில் ஸ்கூட்டரில் போய் லாரியை முந்துகிற ஆளிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை. அந்த இறக்கத்தில் லாரிகள் என்ன பாடுபடுகின்றன என்று சேலத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நான் வாரத்தில் நான்கு நாள் மலை ஏறி இறங்குகிறவன். 110 சிசி சாதா ஸ்கூட்டர். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. இரண்டு பேர், ஒரு மூட்டை மிளகு. முப்பது முப்பத்தைந்தில் ஏறும். அந்தப் பாதையில் அதற்கு மேல் வேகம் எதற்கு?

கேள்வியே வேறு, சார். வளைவில் நீங்கள் திரும்பிக்கொண்டிருக்கும்போது மேலிருந்து அரசுப் பேருந்து வரும். அதற்கு ரோடு முழுவதும் வேண்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று சட்டம் சொல்லும், பேருந்தின் நீளம் வேறு சொல்லும். நீங்கள் நிற்க வேண்டும். சரிவில், வண்டி பாதி சாய்ந்த நிலையில், பின்னால் ஆளோடு. அப்போது உங்கள் கால் தரையில் முழுசாகப் பதியுமா என்பதுதான் கேள்வி. வளைவின் உட்பக்கம் தரை தாழ்வாக இருக்கும். சமதரையில் முன்பாதம் மட்டும் எட்டுகிற ஆளுக்கு அங்கே கால் காற்றில்தான்.

கணக்குப் போடுங்கள். பத்து அடிக்கு ஒரு அடி உயரும் சரிவில் 142 கிலோ வண்டி சுமார் 14 கிலோ பாரத்தால் பின்னுக்கு இழுக்கும். 214 கிலோ வண்டி என்றால் 21. இரண்டு ஆள் எடையையும் சேர்த்தால் 142 கிலோ வண்டிக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதை உங்கள் பிரேக்கும் ஒரு காலும் தாங்க வேண்டும்.

ஷோரூமுக்குப் போனால் ஓட்டிப் பார்க்கும் முன் இறங்கி நின்று வண்டியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பாருங்கள். மூச்சு வாங்கினால் அந்த வண்டி வேண்டாம்.

பெல்ட்டும் ரோலரும்

எஸ்டேட் அண்ணன் ஏறுவதைச் சொன்னார். நான் இறங்குவதைச் சொல்கிறேன். சேலம் குகை பகுதியில் 22 வருடமாக ஸ்கூட்டர் வேலைதான் பார்க்கிறேன். மலை இறங்கி நேரே எங்கள் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பாதி ஒரே புகார்: "பிரேக் பிடிக்கல."

கியர் வண்டியில் இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும். ஸ்கூட்டரில் அப்படி இல்லை. பின்சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பெல்ட்டும், சுற்று வேகத்தால் பிடிக்கும் கிளட்சும் இருக்கின்றன. வேகம் குறையக் குறைய கிளட்ச் கட்டைகள் உள்ளே சுருங்கி விட்டுவிடும். கொண்டை ஊசி வளைவுக்காக நீங்கள் 15க்கு வந்த நிமிடம் எஞ்சின் தொடர்பு அறுந்து வண்டி சைக்கிள் மாதிரி உருள ஆரம்பிக்கும். முதல்முறை இறங்குகிறவருக்குத் தூக்கிவாரிப் போடும்.

வழி சுலபம். ஆக்சிலேட்டரைத் துளி, மிகத் துளி திருகினால் கிளட்ச் மறுபடி பிடிக்கும். பிடித்தவுடன் மூடிவிடுங்கள். இருபது இருபத்தைந்துக்குக் கீழே போகும்வரை எஞ்சின் ஓரளவு இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை மேலிருந்து கீழ்வரை லேசாக அழுத்திக்கொண்டே வரக்கூடாது. சூடு ஏறி டிரம் வழுக்கும். டிஸ்க் என்றால் பிரேக் ஆயில் கொதித்து லிவர் பஞ்சு மாதிரி ஆகிவிடும். நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறை, விடு, ஆறட்டும், மறுபடி பிடி. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். யாரும் மாற்றுவதில்லை. பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிற புண்ணியவான்களும் உண்டு. அவர்களிடம் நான் கூலியைக் கொஞ்சம் கூட்டித்தான் வாங்குவேன்.

இன்னொன்று. நிறுத்தும்போது கியரில் போட்டு நிறுத்துகிற பழக்கம் உங்களுக்கு இருக்கும். ஸ்கூட்டரில் அது கிடையாது. ஏற்காட்டில் பகோடா பாயின்ட் பக்கம் சரிவில் சைடு ஸ்டாண்ட் போட்டால் வண்டி தானாக நழுவும். முன்சக்கரம் மேட்டைப் பார்த்தபடி, சென்டர் ஸ்டாண்ட். பார்க்கிங் பிரேக் கொக்கி இருக்கிற வண்டியானால் இன்னும் நல்லது.

அம்மாபேட்டை அக்கா

ஆண்கள் எல்லாம் எஞ்சினையும் பிரேக்கையும் பேசி முடித்தாயிற்றா? பின்னால் உட்காரப் போகிறவரைக் கூட்டிக்கொண்டு போனீர்களா, அண்ணா?

எனக்கு 49. குழந்தைகள் பிறந்தபிறகு பத்து வருடம் வண்டியைத் தொடவில்லை. நான்கு வருடத்துக்கு முன் மறுபடி ஆரம்பித்தேன். அதற்கு முன் இருபது வருடம் பின்சீட்டில் உட்கார்ந்தவள், அதனால் எனக்குப் பேச உரிமை உண்டு. பெரிய ஸ்கூட்டர்களில் சீட் அகலம். அகலமான சீட்டில் பின்னால் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் இடுப்பெலும்பு விரிந்து அரை மணியில் வலிக்கும். முழங்கால் வலி இருப்பவருக்கு இன்னும் மோசம். கால் வைக்கும் இடம் உயரமாக இருந்தால் முட்டி மடங்கியே இருக்கும். புடவையில் ஒருபக்கமாக உட்கார்ந்து மலைப்பாதையில் போகவே வேண்டாம். சுடிதாருக்கு மாறச் சொல்லுங்கள்.

மெத்தென்று இருக்கும் சீட்டைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். ஷோரூமில் ஐந்து நிமிடம் சொகுசு. ஒரு மணி நேரத்தில் பஞ்சு அமுங்கி அடியில் இருக்கும் தகடு தெரியும். ஸ்கூட்டரில் நிமிர்ந்து உட்காருவதால் உடம்பு எடை முழுவதும் வால் எலும்பில்தான். கியர் வண்டியில் கால் கொஞ்சம் தாங்கும், இதில் தாங்காது. காலை முன்னால் நீட்டி உட்காருவது சொகுசு மாதிரி தோன்றும். அப்படி உட்கார்ந்தால் எடை இன்னும் பின்னால்தான் போகும். கால் வைக்கும் தரை சமமாக இருக்கிற வண்டியில் காலை அடிக்கடி இடம் மாற்றலாம். என் இடுப்பைக் காப்பாற்றியது அதுதான், சீட் அல்ல.

நீள்சாலை தம்பி சொன்ன ஏராக்ஸ், ஜூம் 160 இரண்டிலும் நடுவில் முதுகு மாதிரி மேடு இருக்கிறது. ஏறும்போது காலைத் தூக்கித் தாண்ட வேண்டும். முழங்கால் வலிக்காரர் இதை யோசிக்க வேண்டும்.

நீள்சாலை

அக்கா, அந்த மேட்டில் பெட்ரோல் டேங்க் இருப்பதால்தான் எடை நடுவில் வந்து வண்டி வளைவில் உறுதியாக நிற்கிறது. 14 அங்குலச் சக்கரம் குழியில் இறங்காமல் தாண்டும். இன்னொன்று, 125 சிசிக்கு மேற்பட்டவற்றில் 2019இலிருந்து ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) கட்டாயம். 125 வரைக்கும் அந்த 2019 விதிப்படி சிபிஎஸ் (ஒரு லிவரில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிப்பது) போதும். மலைப்பாதையில் ஈர இலைமேல் பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரம் பூட்டாமல் இருப்பது சின்ன விஷயமா?

அம்மாபேட்டை அக்கா

சின்ன விஷயம் இல்லை, தம்பி. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்தால்தானே பிரேக் பிடிக்க முடியும்.

பழைய கைனடிக்

1980களில் கைனடிக் ஹோண்டா வந்தபோது "கியர் இல்லாத வண்டியா, பொம்பளை வண்டி" என்று சிரித்தவர்கள் எல்லாம் இன்று அறுபதைத் தாண்டி கியர் இல்லாத வண்டிதான் தேடுகிறார்கள். நானும் சிரித்தவன்தான். பட்டனைத் தட்டினால் ஸ்டார்ட் ஆகும் என்பதை நம்பாமல் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடை வாசலில் கூட்டமே கூடி நின்றது. 98 சிசி, இரண்டு ஸ்ட்ரோக். அதிலேயே நானும் என் தம்பியும் ஏற்காடு போய் ஏரிக்கரையில் வெந்த கடலை தின்றுவிட்டு வந்தோம். வழியில் இரண்டு இடத்தில் அவனை இறங்கி நடக்கச் சொன்னேன் என்பது வேறு கதை.

திரும்பி வந்து பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் தட்டுவடை செட் சாப்பிட்டோம். பீட்ரூட்டும் கேரட்டும் துருவி, மேலே சட்னி... சரி, விடுங்கள். கேள்வி ஸ்கூட்டர்.

பினாங்குத் தமிழன்

ஊர் ஆத்தூர், வேலை மலேசியாவில். இங்கே யமஹா எக்ஸ்மேக்ஸ் 250 வைத்திருக்கிறேன். நெடுஞ்சாலையில் 110இல் போனாலும் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி. ஊருக்கு வந்தால் இதுதான் வேண்டும் என்று நினைப்பேன். அப்புறம் எங்கள் ஊர்த் தெருவில் இதை எங்கே திருப்புவேன் என்றும் நினைப்பேன். 180 கிலோ வண்டி ஓடும்போது சொர்க்கம். நின்றால் மாட்டைப் பிடித்து நிற்கிற மாதிரி. கண்ணாடித் தடுப்பையும் கவனியுங்கள். சில உயரத்தில் அதன் விளிம்புக் காற்று சரியாக ஹெல்மெட்டில் வந்து அடித்துத் தலையை ஆட்டும். கண்ணாடி பெரிதாக இருந்தால் சொகுசு என்று அர்த்தமில்லை.

கன்னங்குறிச்சிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை உறவுப் பையன் ஒருவன் அவனுடைய பெரிய ஸ்கூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தான். எந்த வண்டி என்று சொல்லமாட்டேன், வண்டி மேல் குற்றம் இல்லை. தெருவில் இரண்டு சுற்று நன்றாகத்தான் போனேன். காற்று முகத்தில் பட்டதும் பதினெட்டு வயது. திரும்பி வந்து வீட்டு கேட்டின் சரிவில் ஏற்றும்போது குறுக்கே ஒரு பூனை. இடது கை தானாகக் கிளட்சைப் பிடித்தது. இது ஸ்கூட்டர் அல்லவா, அது கிளட்ச் இல்லை, பிரேக். வண்டி டக்கென்று நின்றது. அதே நேரம் வலது கால் பின்பிரேக்கைத் தேடி ஒன்றுமில்லாத இடத்தை மிதித்தது. கால் ஊன்றுவதற்குள் வண்டி சாய்ந்துவிட்டது. மெதுவாக, மரியாதையாக, என்னையும் கூட்டிக்கொண்டு. முழங்கையில் சிராய்ப்பு. கண்ணாடி ஒன்று போனது, வாங்கிக் கொடுத்துவிட்டேன். தூக்கி நிறுத்த எதிர்வீட்டுக்காரர் வரவேண்டியிருந்தது.

எஸ்டேட் அண்ணன் சொன்னது ஏற்காட்டில் அல்ல, என் வீட்டு வாசலிலேயே நடந்தது.

ஏற்காடு எஸ்டேட்

வாசலில் நடந்தது நல்லதாகப் போயிற்று. உங்களுக்கு இப்போது வண்டி வேண்டாம், மைதானம் வேண்டும். ஏதாவது ஒரு பழைய ஸ்கூட்டரை ஒரு மாதத்துக்கு வாங்கிக்கொண்டு காலை ஆறு மணிக்குப் போங்கள். நடக்கிற வேகத்தில் எட்டு போடுங்கள். இருபதில் வந்து இரண்டு பிரேக்கும் சேர்த்துப் பிடித்து நிறுத்துங்கள். நூறு முறை. இடது கைக்கு "நீ இனிமேல் கிளட்ச் இல்லை" என்று புரியும்வரை.

பெல்ட்டும் ரோலரும்

சிபிஎஸ் உள்ள 125 வண்டியில் இடது லிவரைப் பிடித்தால் முன்பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். உங்கள் மாதிரி கியரிலிருந்து வருகிறவர் பதற்றத்தில் இடது கையைத்தான் இறுக்குவார். அப்போது பின்சக்கரம் மட்டும் பூட்டி வால் வீசாமல் ஓரளவு காப்பாற்றும். ஏபிஎஸ்ஸை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஏராக்ஸிலும் ஜூம் 160இலும் வருவது ஒற்றைச் சேனல், முன்சக்கரத்துக்கு மட்டும்.

லைசென்ஸையும் எடுத்துப் பாருங்கள். காருக்கு மட்டும் இருந்தால் இதற்குச் செல்லாது. காலாவதியாகி ஒரு வருடம் தாண்டியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் என்றால் மருத்துவச் சான்றும் கேட்பார்கள். ஹெல்மெட் இரண்டு பேருக்கும் கட்டாயம். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள், ரோட்டோரக் குவியலில் வேண்டாம்.

சூரமங்கலம் சார்ஜர்

யாருமே மின்சார ஸ்கூட்டர் பற்றிப் பேசவில்லையே?

பினாங்குத் தமிழன்

பேசலாம். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். வண்டி, இரண்டு ஆள் என்று 260 கிலோவை அவ்வளவு தூரம் மேலே தூக்கவே 0.9 யூனிட் அளவுக்கு மின்சாரம் போய்விடும். காற்று, டயர் உராய்வு எல்லாம் தனி. 3 யூனிட் பேட்டரியில் அது பெரிய பங்கு. இறங்கும்போது கொஞ்சம் திரும்ப வரும், பிரேக்குக்கும் ஓய்வு. ஏற்காடு போய் வர முடியும். கொல்லிமலைக்கும் ஒகேனக்கலுக்கும் சார்ஜ் போடும் இடம் பார்த்துப் பார்த்துத்தான் போகவேண்டும். கன்னங்குறிச்சி அண்ணன் அந்தத் தலைவலி வேண்டாம் என்பார் என நினைக்கிறேன்.

கன்னங்குறிச்சிக்காரன்

வேண்டாம்தான்.

ஐந்து வாரம் ஆயிற்று, நடந்ததைச் சொல்கிறேன். தங்கை மகளின் பழைய ஸ்கூட்டரில் தினமும் காலை பயிற்சி. மூன்றாவது வாரம்தான் இடது கை அடங்கியது. அப்புறம் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு ஐந்து ரோடு பக்கம் ஷோரூம்கள் ஏறி இறங்கினோம். ஒரு இடத்தில் பின்னால் ஆளை ஏற்றி ஓட்டிப் பார்க்கவே விடவில்லை. "தனியாக ஒரு ரவுண்டு போங்க சார்" என்றார்கள். நானா தனியாக மலை ஏறப் போகிறேன்? கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

ஜூம் 160 உண்மையிலேயே கம்பீரம். ஓடும்போது எனக்குப் பிடித்தது. ஆனால் பின்னால் தள்ளிப் பார்த்தேன், எஸ்டேட் அண்ணன் கண்ணில் வந்தார். ஏராக்ஸில் வீட்டம்மா ஏற இரண்டு முறை முயன்று மூன்றாவது முறை என் தோளைப் பிடித்து ஏறினார். ஏறிய பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் பதில்.

கடைசியில் பர்க்மேன் ஈஎக்ஸ். 780 மில்லிமீட்டர் சீட் உயரம். எனக்கு இரண்டு குதிகாலும் பதிவதில்லை, ஆனால் ஒன்று முழுசாகப் பதிகிறது. தரை சமம். நான் ஒருவனாகத் தள்ள முடிகிறது. பையனுக்குத்தான் ஏமாற்றம். "125ஆ?" என்றான். "ஆமாம், என் முழங்காலுக்கு அவ்வளவுதான் சிசி" என்றேன்.

நீள்சாலை

வாழ்த்துகள் அண்ணா. தோற்றுவிட்டேன். மலை எப்போது?

கன்னங்குறிச்சிக்காரன்

போய் வந்தாயிற்று. முதலில் ஒரு புதன்கிழமை தனியாக. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் போகவேண்டாம் என்று இங்கே ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார், அவருக்கு நன்றி. ஏழாவது வளைவில் பேருந்து வந்தது. முன்கூட்டியே ஒதுங்கி நின்றுவிட்டேன். கால் பதிந்தது. டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அந்தக் கையசைப்புக்கே வண்டி விலையில் பாதி கொடுக்கலாம்.

அடுத்த வாரம் இரண்டு பேரும். ஏற்றத்தில் வேகம் முப்பதுதான், சில இடத்தில் இருபத்தைந்து. பின்னால் வந்த கார்களுக்கு வழி விட்டுக்கொண்டே போனோம். பதினோராவது வளைவு தாண்டி நிறுத்தச் சொன்னார், முட்டியை நீட்ட. குரங்குகள் வந்து பையைப் பார்த்தன, கிளம்பிவிட்டோம். மேலே மூடுபனி. லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் ஊர் இருக்கும் இடமே தெரியவில்லை. காபி குடித்துவிட்டு மதியம் இரண்டுக்குள் இறங்கிவிட்டோம். இறக்கத்தில் பட்டறை அண்ணன் சொன்ன அந்தத் துளி ஆக்சிலேட்டர் வேலை செய்கிறது. முதல் நான்கு வளைவில் பயம், அப்புறம் கைக்கே பழகிவிட்டது. அடிவாரத்தில் நிறுத்தி டிரம்மின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சூடுதான், ஆனால் நாற்றம் இல்லை.

அடுத்தமுறை குப்பனூர் வழியாக இறங்கலாம் என்றிருக்கிறோம். கூட்டம் குறைவு என்கிறார்கள்.

ஒரே ஒரு குறை. ஏற்றத்தில் பின்னால் சரிகிற மாதிரி இருக்கிறது என்கிறார், என் சட்டையைப் பிடித்துப் பிடித்து இரண்டு பட்டன் போயிற்று. பின்னால் பெட்டி மாட்டி அதில் சாய்வு மெத்தை வைத்தால் சரியாகுமா, இல்லை பின்பக்க எடை கூடி முன்சக்கரம் லேசாகிவிடுமா? மாட்டியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பெல்ட்டும் ரோலரும்

சாய்வுக்கு மட்டும் என்றால் பெட்டி வேண்டாம், சாய்வுக்கம்பி போதும். பெட்டி வைத்தால் உள்ளே கனமாக ஒன்றும் போடாதீர்கள், இரண்டு மழைக்கோட்டு, ஒரு தண்ணீர் பாட்டில். பின் டயர் காற்றை இரண்டு பேருக்கான அளவில் வையுங்கள், அந்த எண் புத்தகத்தில் இருக்கும். சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவாருங்கள், பார்த்துவிடலாம். பத்து மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன் கடையில் தண்ணீர்கூட இருக்காது.